ஆலிவர் குரோம்வெல் குடியரசின் முன்னோடியா, கொலைகாரரா?

இதைக் கேட்ட நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. குரோம்வெல் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றப் படையின் தளபதி. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர் என்று ஒரு பாடநூல் புகழ்கிறது. அயர்லாந்தில் கொன்று குவித்தவர் என்று இன்னொன்று ஏசுகிறது. எதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று தவிக்கிறீர்கள். எனக்குப் பள்ளியில் முதல் பாதியை மட்டுமே சொல்லித் தந்தார்கள். அதை நம்பிக்கொண்டேதான் அயர்லாந்தில், டப்ளினுக்கு வடக்கே, பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள ட்ரோஹெடாவுக்குச் செவிலியர் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில், ஓர் இரவுப் பணியில், எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு வரலாற்றுப் பக்கம் போனது. "குரோம்வெல் பெரிய மனிதர், மன்னரையே வீழ்த்தியவர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். கையில் சுற்றிய பட்டை இன்னும் இறுகிக்கொண்டிருந்தது. அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். திட்டவில்லை. காலையில் நான் கிளம்பும்போது, "புனித பீட்டர் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

போனேன், ஆனால் தவறான தேவாலயத்துக்கு. அந்தப் பெயரில் ஊரில் இரண்டு உண்டு. கடைத்தெருவில் இருக்கும் கத்தோலிக்கத் தேவாலயத்தில், 1681-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட பேராயர் ஆலிவர் பிளங்கெட்டின் தலையைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். சுருங்கிக் கறுத்த அந்த முகத்தின் முன் வெகுநேரம் நின்றேன். அங்கே ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான், "நீ தேடுவது மேட்டில் இருப்பது" என்று வழிகாட்டினார். மேட்டில் இப்போது நிற்பது பிற்காலத்துப் புராட்டஸ்டண்டு கட்டடம். 1649 செப்டம்பரில் குரோம்வெல்லின் படை ஊரைப் பிடித்தபோது, அங்கிருந்த பழைய தேவாலயத்தின் கோபுரத்தில் ஒளிந்தவர்களைத் தீ வைத்து எரித்தார்கள். தீ வைக்கச் சொன்னது நான்தான் என்று குரோம்வெல்லே நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அன்றிரவு சுமார் 2,000 பேர் வாளுக்கு இரையானதாகவும் அதே கடிதத்தில் இருக்கிறது.

"சரணடைய மறுத்த கோட்டைக்கு அந்தக் காலத்தில் அதுதான் போர் வழக்கம்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். தெரியும். மாண்ட ஊர்மக்கள் எத்தனை பேர் என்பதில் சர்ச்சை உண்டு என்பதும் தெரியும். நான் ஆங்கிலேயர்மீது பகை வளர்க்க இதை எழுதவில்லை. 1641-இல் ஐரிஷ் கத்தோலிக்கர் செய்த கிளர்ச்சியில், வடக்கே அல்ஸ்டர் பகுதியில் புராட்டஸ்டண்டுகள் கொல்லப்பட்டதையும் மறைக்கவில்லை. குரோம்வெல் தன் செயலை அந்தக் கொலைகளுக்கான கடவுளின் தீர்ப்பு என்றார். எனக்கு ஆறாதது இதுதான்: அதே கிளர்ச்சிக்காரர்கள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் நுழைய முடியாத ஊர் ட்ரோஹெடா! 1649-இல் மன்னர் தரப்பில் நின்று அதைக் காத்த படையிலும் ஆங்கிலேயர்கள் இருந்தார்கள். தளபதி ஆர்தர் ஆஸ்டனே ஆங்கிலேயர். யாரோ செய்த கொலைக்கு யாரிடம் கணக்குத் தீர்த்தார் இவர்?

நிலப் பறிப்பு அதைவிடப் பெரிய காயம். 1641-இல் அயர்லாந்து நிலத்தில் சுமார் 60 சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1688-இல் அது சுமார் 22. இதற்கு அடிகோலியது, நிலத்தைப் பறிமுதல் செய்ய இங்கிலாந்து நாடாளுமன்றம் போட்ட 1652 சட்டம்.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் சொந்தக்காரர்கள் இன்றும் என்னை "இங்கிலாந்தில் இருக்கிறாள்" என்றே சொல்கிறார்கள். அம்மா அனுப்பிய வடகப் பார்சலில் கூரியர்காரர் 'யு.கே.' என்று எழுதிவிட்டார். அது எங்கெங்கோ சுற்றி, இரண்டு மாதம் கழித்து நொறுங்கிய தூளாக அம்மாவிடமே திரும்பிப் போனது. அயர்லாந்து தனி நாடு என்று எத்தனை முறை சொல்வது?

விடைத்தாளில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். 1895-இல் குரோம்வெல்லின் சிலைக்கு அரசுப் பணம் தரக் கூடாது என்று ஐரிஷ் உறுப்பினர்கள் லண்டன் நாடாளுமன்றத்தில் எதிர்த்துத் தடுத்ததையும் சேருங்கள். தனியார் பணத்தில் 1899-இல் வைக்கப்பட்ட அந்தச் சிலை இன்றும் அந்த நாடாளுமன்றத்துக்கு வெளியேதான் நிற்கிறது.