மண்ணுக்குள் உறைந்த பனி: வாசகர் கேள்வி பதில்

பெர்மாஃப்ராஸ்ட் உருகுகிறது என்கிறார்கள். மண்ணுக்கு அடியில் நடப்பதை வருஷக்கணக்கில் எப்படித் தொடர்ந்து அளக்கிறார்கள்?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

குறைந்தது 2 வருஷம் தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நிலம் எதுவானாலும் அது பெர்மாஃப்ராஸ்ட்தான், தமிழில் உறைநிலம் அல்லது உறைமண். மண்ணாகவும் இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். அதற்கு மேலே, கோடையில் இளகிக் குளிரில் மறுபடி உறையும் ஓர் அடுக்கு உண்டு. அந்த அடுக்கு எவ்வளவு ஆழம் இளகுகிறது, அதற்கும் கீழே வெப்பநிலை என்ன என்ற இரண்டையும்தான் அளக்கிறார்கள்.

இளகும் ஆழத்துக்கு 1991 முதல் 'கால்ம்' என்ற பன்னாட்டுத் திட்டம் இருக்கிறது. அதில் வழக்கமான இடம் 100 மீட்டர் சதுரம். 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மொத்தம் 121 புள்ளிகள். கோடை முடிகிற நேரத்தில், சென்டிமீட்டர் குறித்த ஒல்லியான இரும்புக் கம்பியை ஒவ்வொரு புள்ளியிலும் உறைமண் தட்டும்வரை குத்தி இறக்குகிறார்கள். கல்லில் முட்டினால் 'ணங்' என்று கம்பி அதிரும், உறைமண்ணில் மந்தமாக நின்றுவிடும். சந்தேகம் வந்தால் சற்றுத் தள்ளி மறுபடி குத்த வேண்டும்.

இதில் ஏமாந்துபோகிற பெரிய இடம் வேறு. மண்ணுக்குள் ஐஸ் நிறைய இருந்து உருகினால் தரையே அமுங்கிவிடும். உறைமண்ணின் மேல்மட்டமும் இறங்கியிருக்கும், தரையும் இறங்கியிருக்கும். கம்பியோ போன வருஷத்து எண்ணையே காட்டும். அதை நம்பி 'மாற்றமில்லை' என்று எழுதினால் முழுத் தவறு. அதனால் உறைமண்ணில் ஆழமாக ஊன்றிய குழாயை அசையாத அடையாளமாக வைத்து, தரைமட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

வெப்பநிலைக்கு ஆழ்துளை போட்டு, அடி மூடிய குழாயை இறக்கி, அதற்குள் வெப்பநிலையை உணரும் தெர்மிஸ்டர்கள் கோத்த கேபிளைத் தொங்கவிடுகிறார்கள். 10 முதல் 20 மீட்டர் ஆழம் போனால் பெரும்பாலான இடங்களில் கோடை, குளிர் வித்தியாசம் மறைந்துவிடும். பல வருஷ மாற்றத்தைச் சுத்தமாகக் காட்டுவது அந்த ஆழம்தான். துளையிட்ட சூடு அடங்கவே மாதக்கணக்காகும், ஆரம்ப அளவுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குழாயில் தண்ணீர் கசிந்தால் அது உறைந்து விரிந்து கேபிளைக் கெடுத்துவிடும்.

பக்கத்திலேயே பனிப்பொழிவின் தடிமனையும் அளந்தாக வேண்டும். தடித்த பனி மண்ணின் சூட்டை வெளியே விடாது. காற்று சூடாகாத வருஷத்திலும் பனி அதிகம் விழுந்தால் நிலம் சூடேறும்.

இந்த வேலையின் வரலாறு நீளமானது. சைபீரியாவின் யாகுட்ஸ்கில் ஷெர்கின் என்ற வணிகர் தண்ணீருக்காகத் தோண்டத் தொடங்கிய கிணறு 116 மீட்டர் வரை போயும் உறைமண் முடியவில்லை. 1840-களில் மிட்டென்டார்ஃப் என்ற இயற்கை ஆய்வாளர் அதற்குள் இறங்கி ஆழவாரியாக வெப்பநிலை அளந்தார்.

2007 முதல் 2016 வரை உலக சராசரியில் பெர்மாஃப்ராஸ்ட் 0.29 டிகிரிதான் சூடானதாம். இதற்கா இவ்வளவு கவலை?
— வாசகர், மார்த்தாண்டம்

அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். நல்ல குளிரான, தொடர்ச்சியான உறைநிலம் 0.39 டிகிரி ஏறியது. உருகும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கிற, திட்டுத்திட்டான உறைநிலம் 0.20 மட்டுமே. குறைவாக ஏறியதால் அது தப்பித்தது என்று பொருளல்ல. மீன் பெட்டியில் ஐஸ் தீரும்வரை உள்ளே சூடு ஏறாது, வருகிற சூட்டையெல்லாம் ஐஸ் உருகுவதே தின்றுவிடும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். 0 டிகிரியை ஒட்டி அசையாமல் நிற்கும் வெப்பமானிதான் அதிகம் பயப்பட வேண்டியது.

அந்த ஐஸ் எல்லாம் உருகினால் எங்கள் ஊருக்குள் கடல் ஏறுமா? தூண்டில் வளைவு தாங்குமா?
— மீனவர், குளச்சல்

நேரடியாகப் பெரிதாக ஏறாது. வடக்கு உறைநிலத்து ஐஸ் முழுவதும் உருகிக் கடலில் சேர்ந்தாலும் உயர்வு சில சென்டிமீட்டர் கணக்குத்தான். கடல்மட்டத்தை உயர்த்துவது கடல்நீர் சூடாகி விரிவதும், கிரீன்லாந்து, அண்டார்டிகா, மலைப் பனியாறுகள் உருகுவதும். ஆனால் உறைமண்ணில் பல்லாயிரம் வருஷத்து மக்காத செடிகொடிகள் கிடக்கின்றன. அதில் உள்ள கார்பன் ஏறத்தாழ 1,500 பில்லியன் டன், காற்றில் இருப்பதைப்போல் சுமார் இருமடங்கு. இளகினால் நுண்ணுயிர்கள் அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் மீத்தேனாகவும் மாற்றும். நம் கடல் சூடாவதில் அதற்கும் பங்கு வரும். கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவு தாங்குமா என்பது அலையும் மணல் ஓட்டமும் சார்ந்த கேள்வி, அதை இந்தக் கணக்கோடு சேர்க்க முடியாது.

இந்தியாவில் உறைநிலம் உண்டா?
— வாசகர், தக்கலை

உண்டு. லடாக் உள்ளிட்ட இமயமலை உயரங்களில் இருக்கிறது.

பிளஸ் டூ மாணவர்களோடு மண் வெப்பநிலையைப் பல வருஷம் அளக்க ஆசை. எப்படித் தொடங்கலாம்?
— இயற்பியல் ஆசிரியை, குலசேகரம்

தாராளமாகத் தொடங்குங்கள். தண்ணீர் புகாத, எஃகு உறை போட்ட டி.எஸ்.18பி20 என்ற வெப்பநிலைச் சென்சார் 5 வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே டேட்டா வயரில் இணைக்கலாம், அந்த வயருக்கும் மின் வயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும்.

புதைக்கும் முன் சோதியுங்கள். இவை அரை டிகிரி வரை முன்பின் காட்டலாம். டிஸ்டில்ட் வாட்டரில் செய்த ஐஸை நொறுக்கி ஃபிளாஸ்க்கில் இறுக்கி, இடைவெளி நிரம்ப அதே தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, சென்சாரை நடுவில் 20 நிமிடம் வைத்தால் 0 காட்ட வேண்டும். துறைமுகத்து ஐஸ் பார் வேண்டாம், உப்புப் பட்டிருந்தால் 0-க்குக் கீழேயே உருகும். நம் மண் 0 டிகிரிக்கு வரப்போவதில்லை. அதனால் எல்லாச் சென்சாரையும் ஒரு வாளித் தண்ணீரில் சேர்த்துக் கட்டி, கலக்கிக்கொண்டே நல்ல வெப்பமானி ஒன்றோடும் ஒப்பிடுங்கள்.

1 மீட்டர் குழி வெட்டி, 5, 20, 50, 100 சென்டிமீட்டர் ஆழங்களில் குழியின் பக்கச் சுவருக்குள் சென்சாரைக் கிடையாகச் சொருகுங்கள். கலையாத மண்ணில் அது இருக்க வேண்டும். வயர் சென்சாரைவிடத் தாழ்ந்து வளைந்து வரட்டும், இல்லாவிட்டால் ஆனி, ஐப்பசி மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு சென்சாருக்கே இறங்கும். எடுத்த மண்ணை எடுத்த வரிசையிலேயே போட்டு இடியுங்கள். பெருச்சாளி கடிக்காமலிருக்க வயரைக் குழாய்க்குள் கொண்டுபோங்கள்.

20 சென்டிமீட்டரில் உச்சச் சூடு மேல்மண்ணைவிட ஏறத்தாழ 6 மணி நேரம் பிந்தி வரும், 50-ல் பகல் இரவு வித்தியாசமே அநேகமாகத் தெரியாது. பக்கத்தில் ரப்பர் மரம் இருந்தால் இலையுதிர்வு நாட்களைக் குறித்து வையுங்கள். நிழல் போனதும் மண் சூடேறும், அதைப் பருவநிலை மாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்தாவது சென்சார் கையிருப்பு. ஏதாவது ஒன்று தடுமாறத் தொடங்கினால், உடனே பிடுங்காமல் புதியதை அதே ஆழத்தில் பக்கத்தில் வைத்து, சில வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டி, வித்தியாசத்தைத் தேதியோடு நோட்டில் எழுதிவிட்டுப் பழையதை எடுங்கள்.