பாட்டே இல்லாத ஆம்பியன்ட் இசையில் ரசிக்க என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: "ஆம்பியன்ட், எக்ஸ்பெரிமென்டல், இன்ஸ்ட்ருமென்டல் என்று புதுப்புது ஆல்பங்களாக நண்பர்கள் அனுப்புகிறார்கள். பத்து நிமிடம் கேட்டாலும் எதுவும் நடக்கவில்லை. இதை எப்படி ரசிப்பது, எங்கே தொடங்குவது?"

ஆம்பியன்ட் என்றால் மெட்டையும் தாளத்தையும் முன்னிறுத்தாமல், ஒரு சூழல் போல மெதுவாகப் பரவும் இசை. எனக்கும் தொடக்கத்தில் இதே நிலைமைதான். சினிமாப் பாட்டிலேயே வளர்ந்த காது. பல்லவி எப்போது வரும், தாளம் எப்போது சேரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். வராது. எரிச்சலோடு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடுவேன். அப்புறம் ஒரு முடிவு எடுத்தேன்: வாரத்துக்கு ஏழு ஆல்பம் வேண்டாம், ஒரே ஆல்பத்தை ஏழு நாள் கேட்போம். அதுவும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். இந்த இசைக்கு நான் உள்ளே போன வழி அதுதான். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அப்படிக் கேட்ட முதல் ஆல்பம் ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோட்டோவின் '12'. 2023 ஜனவரி 17, அவருடைய 71வது பிறந்தநாளன்று வெளியானது. அதே ஆண்டு மார்ச் 28 அன்று அவர் இறந்துவிட்டார். புற்றுநோய். 2021இல் பெரிய அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து வந்தவர், ஏதாவது ஒலி தன் மேல் பட்டால் போதும் என்ற நிலையில் சிந்தசைசரில் கை வைத்திருக்கிறார். பிறகு தோன்றியபோதெல்லாம் டைரி எழுதுவது போலப் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் பன்னிரண்டுதான் இந்த ஆல்பம். பெரும்பாலும் பெயர்கூடக் கிடையாது, பதிவு செய்த தேதிதான் தலைப்பு. முதல் துண்டின் பெயர் '20210310'.

முதல் நான்கு நாள் எனக்கு அது மெதுவான பியானோ, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, தெருவே அடங்கியது. போனும் இயர்போனும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு சுரங்களுக்கு நடுவில் யாரோ மூச்சு விடும் சத்தம். என் மூச்சுதான் என்று நினைத்து ஒரு நொடி அடக்கிப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பவரின் மூச்சு அது. சற்று கனமாக, சிரமத்தோடு இழுத்து விடுகிற மூச்சு. ஒலிப்பதிவில் அதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு சுரத்தை அழுத்திவிட்டு அது முழுதாகக் கரையும்வரை அவர் ஏன் அடுத்ததற்குப் போகவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான்கு நாளும் அந்த மூச்சு அங்கேதான் இருந்திருக்கிறது. என் ஃபேன் அதை மூடியிருந்தது.

'எதுவும் நடக்கவில்லை' என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். நாம் எதிர்பார்க்கிற இடத்தில் நடப்பதில்லை என்றுதான் சொல்வேன்.

ஆம்பியன்ட் என்ற பெயரைப் பரவலாக்கிய பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (1978) எப்படி உருவானது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். அதில் ஒரு பகுதி வெறும் மனிதக் குரல்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு சுரம். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி டேப்பில் பதிந்து, டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிவிட்டார். வளையங்கள் மிக நீளம் என்பதால் ஸ்டூடியோவில் இருந்த நாற்காலிகளின் உலோகக் கால்களைச் சுற்றி ஓட விட்டார்களாம். ஒரு வளையம் 23½ வினாடிக்கு ஒருமுறை வரும், இன்னொன்று கிட்டத்தட்ட 26 வினாடிக்கு, மற்றொன்று ஏறக்குறைய 30 வினாடிக்கு. நீளம் ஒத்துப்போகாததால் குரல்கள் ஒருமுறை சேர்ந்த மாதிரி மறுமுறை சேர்வதில்லை. சில சமயம் மூன்று குரல் ஒன்றாக வந்து விழும், சில சமயம் நீண்ட மௌனம். இதை ஊன்றிக் கேட்டாலும் சரி, கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்த்தாலும் சரி, இரண்டுக்கும் இடம் கொடுப்பதுதான் ஈனோவின் நோக்கம். எனக்கு இதைக் காலையில் சமைக்கும்போது குறைந்த சத்தத்தில் வைப்பது பிடிக்கும். குக்கர் விசிலும் அதில் ஒரு வளையமாகிவிடும்.

புதியவற்றில் எனக்கு மிக நெருக்கமானது இசையமைப்பாளர் கலி மலோனின் 'ஆல் லைஃப் லாங்', 2024 பிப்ரவரியில் வந்தது. பாடகர் குழுவும் பித்தளைக் குழல்களும் உண்டு, ஆனால் உயிர் பைப் ஆர்கனில்தான் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய கருவி) இருக்கிறது. லொசான், ஆம்ஸ்டர்டாம், மால்மோ ஆகிய ஊர்களில் பதிவு செய்திருக்கிறார். இந்த ஆர்கன்கள் நம் கீபோர்டு மாதிரி ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வைத்தவை அல்ல. மீன்டோன் என்ற பழைய சுருதி முறை. சில சுரங்கள் கச்சிதமாகச் சேரும், சில சேராமல் உரசும்.

சின்ன வயதில் பாட்டு கிளாஸில் மாமி தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிருடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். இரண்டு தந்தியும் சேர்வதற்குச் சற்று முன்னால் ஓய்ங், ஓய்ங் என்று ஒரு அலை எழும். அது மெல்ல மெல்ல நிதானமாகி, சேர்ந்த கணத்தில் அடங்கிவிடும். மலோனின் ஆர்கனில் அதே அலை கேட்கிறது. ஒரு சுரம் மாறினால் அலை வேகமெடுக்கும், இன்னொன்று மாறினால் அடங்கும். மெட்டை விட்டுவிட்டு அந்த அலையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. ஆனால் போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அடிச்சுருதி கேட்கவே கேட்காது. சாதாரண இயர்போன் போதும்.

தாளமும் வேண்டும், கொஞ்சம் நகரவும் வேண்டும் என்றால் ஆந்த்ரே 3000 புல்லாங்குழல்களோடு வந்த 'நியூ ப்ளூ சன்' (2023). ராப் பாடகரிடமிருந்து 87 நிமிடம் ஒரு வரிகூட இல்லாத இசை. எல்லாம் எனக்கு ஒட்டவில்லை, ஆனால் தேடலில் பொய் இல்லை. ஒரு நல்ல கதை மாதிரி கேட்க 'ப்ராமிசஸ்' (2021). ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் ஆங்கில இசைக்கலைஞர் அமைத்த ஒரு சின்ன சுரக்கோவை 46 நிமிடத்தில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருகிறது. அதன் மேல் எண்பதை நெருங்கிய வயதில் ஜாஸ் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் சாக்ஸபோன் வாசிக்கிறார். லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா எழுந்து வருவதற்காக அவர் ஒதுங்கி வழிவிடும் இடத்தைக் கவனியுங்கள்.

புதிதாக வருவதைத் தேட, 'தூக்கத்துக்கு', 'படிப்புக்கு' என்று போட்டிருக்கும் பிளேலிஸ்டுகளை நான் நம்புவதில்லை. எல்லாம் கலந்து ஒரே கூழாகிவிடும். இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் லேபிளை, அதாவது ஆல்பம் வெளியிடும் நிறுவனத்தைப் பின்தொடருங்கள்: சிகாகோவின் கிரான்கி, பிரிஸ்பேனின் ரூம்40, லண்டனின் டச். பல ஆல்பங்களைக் காசு கொடுக்கும் முன்பே முழுதாகக் கேட்டுப் பார்க்கலாம். பிடித்தால் வாங்குங்கள். 2020 முதல் பேண்ட்கேம்ப் அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் தளம் விற்பனையில் தன் பங்கை இசைக்கலைஞர்களுக்கே விட்டுக்கொடுக்கிறது. நான் வாங்குவதை அந்த நாட்களுக்காக எடுத்து வைத்துக்கொள்வேன்.

முதலில் '12'ஐ எடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு.