ஆரஞ்சு, சிவப்பு, பச்சை: காய்கறி நிறங்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு

காய்கறிகளின் நிறத்தையும் அதற்குக் காரணமான கரோட்டினாய்டுகளையும் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். நான் உணவியல் படித்து அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவள், மருத்துவர் அல்ல. மருந்தை நிறுத்துவது, மாற்றுவது போன்றவற்றுக்கு உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: மேடம், கரோட்டினாய்டு, பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ எல்லாம் ஒன்றுதானா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள்.

ஒன்றல்ல. கரோட்டினாய்டு என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறம் தரும் இந்த நிறமிகளில் 600-க்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. நம் உணவில் வருபவை சில டஜன்கள்தான். தாவரங்கள் இவற்றைத் தாமே தயாரித்துக்கொள்ளும். நம் உடலுக்கு அந்த வித்தை தெரியாது, சாப்பிட்டுத்தான் பெற வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் மிகச் சிலருக்குத்தான் வைட்டமின் ஏ ஆக மாறும் தகுதி உண்டு. பீட்டா கரோட்டின், ஆல்ஃபா கரோட்டின், பீட்டா கிரிப்டோசாந்தின் ஆகிய மூன்றும்தான் முக்கியமானவை. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீனோ, கீரையில் இருக்கும் லூட்டினோ எவ்வளவு சாப்பிட்டாலும் வைட்டமின் ஏ ஆகாது. அவற்றுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

1831-இல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கேரட்டிலிருந்து இந்த நிறமியைப் பிரித்தெடுத்தார். அதனால்தான் கரோட்டின் என்ற பெயர். அது உடலுக்குள் வைட்டமின் ஏ ஆகிறது என்பது தெரிய இன்னும் நூறு வருடம் ஆனது. 1930-இல் தாமஸ் மூர் எலிகளுக்குக் கரோட்டின் கொடுத்து, அவற்றின் ஈரலில் வைட்டமின் ஏ சேர்வதைக் காட்டினார். அதே காலத்தில் பீட்டா கரோட்டினின் வடிவத்தைக் கண்டுபிடித்த பால் காரர் (Paul Karrer) என்ற வேதியியலாளருக்கு 1937-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: தினமும் கேரட் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?

முடியாது. கண்ணாடி போடுவது பெரும்பாலும் விழியின் வடிவம், லென்ஸின் வளைவு சம்பந்தப்பட்ட விஷயம். எந்தக் காயும் அதைச் சரிசெய்யாது.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், முற்றினால் கருவிழியே பாதிக்கப்படும். அப்படிக் குறைபாடு உள்ளவருக்கு கேரட் உண்மையிலேயே பார்வையைத் திருப்பித் தரலாம். ஆனால் போதுமான அளவு ஏற்கெனவே இருப்பவருக்கு, கூடுதலாகச் சாப்பிடுவதால் பார்வை கூர்மையாவதில்லை. மீதிப் பாதி, போர்க்காலப் பிரச்சாரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் இருட்டில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதற்குக் கேரட்தான் காரணம் என்று பரப்பினார்கள். விமானத்தில் இருந்த ரேடாரைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை.

கேள்வி: பச்சையாகச் சாப்பிடுவதுதான் நல்லது, சமைத்தால் சத்து போய்விடும் என்கிறார் என் ஜிம் பயிற்சியாளர். சரியா அக்கா?

வைட்டமின் சி-க்குப் பொருந்தும் பேச்சு அது. கரோட்டினாய்டு விஷயத்தில் ஏறக்குறைய தலைகீழ்.

இந்த நிறமிகள் செடியின் செல்லுக்குள், கெட்டியான சுவர்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கின்றன. பச்சைக் கேரட்டைப் பல்லால் கடித்து விழுங்கும்போது அந்தச் சுவர்களில் பெரும்பகுதி உடையாமலே போகிறது. உள்ளே இருக்கும் கரோட்டினும் அப்படியே வெளியேறிவிடும். துருவினால் கொஞ்சம் உடையும், அரைத்தால் இன்னும் உடையும், வேகவைத்தால் சுவர்கள் தளர்ந்துவிடும். தக்காளியில் இன்னொரு நன்மையும் உண்டு. எண்ணெயோடு சேர்த்துச் சூடாக்கும்போது லைகோபீன் மூலக்கூறின் நேரான வடிவம் சற்று வளைகிறது. வளைந்த வடிவம் குடலில் எளிதாக உறிஞ்சப்படுகிறது. அதனால் பழுத்த தக்காளியைக் கடித்துச் சாப்பிடுவதைவிட, எண்ணெயில் வதக்கிய தக்காளியிலிருந்தும் தக்காளி விழுதிலிருந்தும் நமக்குக் கிடைக்கும் லைகோபீன் அதிகம்.

அதற்காக நிறம் வெளுக்கும் வரை கொதிக்க விடச் சொல்லவில்லை. நீண்ட நேரச் சூடும் காற்றும் சேர்ந்தால் இதுவும் சிதையும். மெதுவாகும் வரை வேகவைத்தால் போதும். பச்சைக் கேரட் பிடித்தால் அதையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து எங்கேயும் போகாது.

கேள்வி: எடை குறைக்க வேண்டி எண்ணெயே இல்லாமல் சாலட் மட்டும் இரவில் சாப்பிடுகிறேன். எல்லா நிறமும் அதில் இருக்கிறது. போதும்தானே?

போதாது. இந்தத் தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கரோட்டினாய்டுகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கொழுப்பு வந்தால்தான் பித்தநீர் சுரந்து, நுண்ணிய துளிகள் உருவாகி, அவற்றில் ஏறி இவை குடல் சுவரைக் கடக்க முடியும். படகு வராவிட்டால் கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

2004-இல் வெளியான ஒரு ஆய்வில் ஒரே மாதிரி சாலட்டைக் கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங், குறைந்த கொழுப்பு, முழுக் கொழுப்பு என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள். கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டவர்களுக்குக் கரோட்டினாய்டு ஏறக்குறைய உறிஞ்சப்படவே இல்லை.

பயப்படாதீர்கள், வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி எண்ணெய். அதில் 45 கலோரிக்கு மேல் வராது. எண்ணெய் வேண்டாம் என்றால் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவகாடோ எதுவானாலும் சரி. முட்டையின் மஞ்சள் கருவில் லூட்டினும் சேர்ந்தே வருகிறது. கொழுப்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் எடைக்குறைப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும்.

கேள்வி: பீட்ரூட், கத்திரிக்காய் இரண்டிலும் நிறம் அதிகம். கரோட்டினாய்டும் அதிகமா?

இல்லை. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெய்ன். கத்திரிக்காய்த் தோல், ஊதா முட்டைக்கோஸ் இவற்றில் இருப்பது ஆந்தோசயனின். இரண்டும் தண்ணீரில் கரையும் வேறு வகை நிறமிகள். பீட்ரூட் வெட்டினால் கையில் ஒட்டிய சாயம் தண்ணீரில் போய்விடும், தக்காளிக் குழம்பு பட்ட பிளாஸ்டிக் டப்பா எத்தனை கழுவினாலும் ஆரஞ்சாகவே இருக்கும். வித்தியாசம் அங்கேயே தெரிகிறது. மஞ்சள் தூளின் குர்குமினும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல.

நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடிய இன்னொரு இடம் கீரை. அடர்பச்சைக் கீரையில் கரோட்டினாய்டு ஏராளம். பச்சையம் மேலே போர்த்தி மறைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாலக் கீரை 100 கிராமில் லூட்டினும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சியாசாந்தினும் சேர்ந்து சுமார் 12 மில்லிகிராம் இருக்கும். பொதுவாக, கீரை எவ்வளவு அடர்பச்சையோ அவ்வளவு நல்லது.

கேள்வி: என் ஒன்றரை வயது மகளின் உள்ளங்கை, பாதம், மூக்கு எல்லாம் மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் காமாலையோ என்று தூக்கமே இல்லை. கேரட், பூசணி கூழ் தினமும் கொடுக்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கரோட்டினீமியா மாதிரித்தான் தெரிகிறது. ரத்தத்தில் கரோட்டின் மிகுந்து தோலில் படிவதால் வரும் நிறம். தோல் தடிமனான இடங்களில், அதாவது உள்ளங்கை, பாதம், மூக்கோரங்களில் முதலில் தெரியும். கூழ் சாப்பிடும் குழந்தைகளிடம் இது சகஜம்.

முதலில் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காமாலையில் அது மஞ்சளாகும், கரோட்டினீமியாவில் வெள்ளையாகவே இருக்கும். கண் மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்திருந்தாலோ, குழந்தை சோர்ந்திருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். கண் வெள்ளையாக இருந்தாலும் அடுத்த முறை போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு.

கேரட், பூசணியின் அளவைக் குறைத்து வேறு காய்களை மாற்றிக் கொடுங்கள். சில வாரங்கள், சில மாதங்களில் நிறம் தானே மங்கும். இதனால் உறுப்பு எதற்கும் கெடுதல் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: ஐந்தாவது மாதம். வைட்டமின் ஏ அதிகமானால் கருவுக்கு ஆபத்து என்று படித்தேன். கேரட்டையே நிறுத்திவிட்டேன்.

மறுபடி ஆரம்பியுங்கள் அம்மா. நீங்கள் படித்தது ரெட்டினால் என்ற தயார்நிலை வைட்டமின் ஏ பற்றியது. அது ஈரலிலும் சில மாத்திரைகளிலும் இருக்கிறது. அதற்குப் பெரியவர்களின் உச்சவரம்பு நாளுக்கு 3000 மைக்ரோகிராம். அதைத் தொடர்ந்து தாண்டுவது கருவுக்கு ஆபத்துதான். ஈரல், மீன் ஈரல் எண்ணெய், மருத்துவர் எழுதாத சத்து மாத்திரை ஆகியவற்றில் கவனமாக இருங்கள்.

காயில் இருக்கும் பீட்டா கரோட்டின் அப்படி இல்லை. உடலில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால் மாற்றும் வேலையை உடலே குறைத்துக்கொள்ளும். உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின்தான் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம் என்று கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தாலும் 100 கிராம் கேரட்டில் சுமார் 835 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைத்துவிடுகிறது.

கேள்வி: அப்பா 30 வருடமாகப் புகை பிடிக்கிறார். நுரையீரலுக்கு நல்லது என்று பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நிறக் காய்கறிகள் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதை ஆய்வாளர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அப்படியானால் பீட்டா கரோட்டினை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். பீட்டா கரோட்டின் பிரிவில் இருந்தவர்களுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவில் புகைபிடித்தவர்களும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்களுமாக 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

காயில் வருவது சிறிய அளவு, கூடவே நார், வைட்டமின் சி, மற்ற கரோட்டினாய்டுகள் எல்லாம் வருகின்றன. மாத்திரையில் ஒன்றே ஒன்று, பெரிய அளவில் போகிறது. புகையால் காயம்பட்ட நுரையீரலில் அது வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அப்பா எவ்வளவு காய் வேண்டுமானாலும் சாப்பிடட்டும். மாத்திரைக்கு வைத்திருக்கும் பணத்தைப் புகையை நிறுத்த உதவும் சிகிச்சைக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: அப்படியானால் கண் மருத்துவர் என் மாமியாருக்கு லூட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தது தவறா?

தவறில்லை, அது வேறு விஷயம். விழித்திரையின் நடுவில் மாகுலா என்ற சிறு மஞ்சள் பகுதி இருக்கிறது. படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் அதனால்தான். அந்த மஞ்சளே லூட்டினும் சியாசாந்தினும்தான். நீல ஒளியை வடிகட்டுவது அவற்றின் வேலை. வயதானால் சிலருக்கு மாகுலா சிதைகிறது. அது நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு, வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரத்தோடு 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும் சேர்ந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். முன்பு லூட்டினுக்குப் பதில் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013-இல் வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு, புகைபிடித்தவர்களை நினைத்து அதை எடுத்துவிட்டார்கள். மாமியார் தொடரட்டும். நோய் வராமல் தடுக்கும் என்று நீங்களும் சேர்ந்து விழுங்க வேண்டாம்.

கேள்வி: இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறேன். கீரை கூடாதா?

கரோட்டினாய்டால் பிரச்சினை இல்லை, கீரையில் இருக்கும் வைட்டமின் கே-தான் அந்த மருந்தோடு மோதும். ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் அடுத்த வாரம் ஒன்றுமே இல்லாமலும் சாப்பிடாதீர்கள். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டு, அதற்கேற்ப மருந்தின் அளவை மருத்துவர் வைக்கட்டும். கேரட், தக்காளி, குடமிளகாயில் வைட்டமின் கே குறைவு, கவலை வேண்டாம்.

கேள்வி: உறைய வைத்த காய்கறியில் சத்து மிஞ்சுமா? வேலைக்குப் போய்விட்டு வந்து நறுக்க நேரமில்லை.

மிஞ்சும், தாராளமாக வாங்கலாம். பறித்த சிறிது நேரத்திலேயே வெந்நீரில் காட்டி உறைய வைப்பதால், நிறமியைச் சிதைக்கும் நொதிகள் அடங்கிவிடுகின்றன. நாள்கணக்கில் வெளிச்சத்தில் வாடிக் கிடந்த காயைவிட அது மேல். கழுவி நேராக வாணலியில் போடுங்கள், எண்ணெயை மட்டும் மறக்காதீர்கள்.