அப்பாவின் கேசட்டை வெட்டலாமா?

வாசகி, வெள்ளவத்தை: எங்கள் அப்பா இரண்டாம் உலகப் போரில் சிலோன் கரிசன் ஆர்ட்டிலரியில் பீரங்கிக்காரர். 1987இல் அவர் கதைத்ததை ஒரு கேசட்டில் பிடித்து வைத்தோம். கனடாவில் இருக்கும் தம்பி இப்போது அதைப் புத்தகமாக்கப் போகிறானாம். "வருசப் பிறப்பண்டைக்கு ஜப்பான்காரன் கொழும்பிலை குண்டு போட்டான்", "ரேஸ்கோர்ஸிலை இருந்துதான் எங்கட பிளேன் ஏறினது" என்று அப்பா சொல்லும் இரண்டு இடமும் பிழை, வெட்டு என்கிறான். என்ன செய்ய?

பதில்: விடாதீர்கள் அக்கா. தம்பி சொல்வது பாதிதான் சரி. குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. புத்தாண்டுக்கு ஒரு கிழமைக்கு மேல் கிடந்தது. ஆனால் ரேஸ்கோர்ஸ் விஷயத்தில் அப்பா சொன்னது அத்தனையும் உண்மை. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல்தான் அது, போர்க்காலத்தில் விமான ஓடுபாதை. அன்று காலை ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்தும் எழும்பின. இன்றைக்கு உடுப்புக் கடையும் காப்பிக் கடையும் இருக்கிற இடம், நம்பக் கஷ்டம்தான். தம்பியின் கத்தரிக்கோல் முதலில் போயிருப்பது அந்த வரிக்கு!

புத்தாண்டு வரியும் அப்படியே இருக்கட்டும். கீழே சின்ன எழுத்தில் சரியான திகதியைப் போடுங்கள். குண்டுக்குப் பயந்து சனம் ஊரை விட்டு ஓடிய நாட்கள் அவை. பலகாரம் சுடாத அந்த வருசப் பிறப்போடு சேர்த்து அவர் மனது அதை முடிந்து வைத்திருக்கலாம். 'ஏறினது' என்றால் 'ஏறினது' என்றே எழுதுங்கள். 'புறப்பட்டுச் சென்றது' என்று மாற்றினால் அது தம்பியின் குரல்.

இனி கேசட். அதன் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். இன்றைக்கே உடைத்துவிடுங்கள், அதன்மேல் யாரும் கைதவறிப் பதியாமல் இருக்கும். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், என் அப்பா திருகோணமலையில் கடற்படையில் இருந்தவர். அவர் கதைத்த கேசட்டின் மேல் ரேடியோப் பாட்டுப் பிடித்தவன் நான்தான். பாட்டு முடிந்து நாடா ஓடும் கடைசி நிமிடத்தில் ஒரு இருமலும் "தண்ணி கொண்டா" என்பதும் மட்டும் மிச்சம். யார் தண்ணி கொண்டு போனது என்று எங்கள் வீட்டில் இன்றும் சண்டை.

அலுமாரியில் தூங்கிய பழைய செட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவைச் சுற்றிக்கொள்ளும். கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தருபவரிடம் கொடுத்து, 'வேவ்' கோப்பாகக் கேளுங்கள். எம்பி3 மட்டும் போதாது, அது ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று கனடாவில். சம்மதமென்றால் நூலகம் நிறுவனத்திடமும் கேட்டுப் பாருங்கள். 2005 முதல் நம்மவர் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறார்கள், ஒலிப்பதிவுகளும் உண்டு.

வாசகர், கொட்டாஞ்சேனை: தாத்தாவின் போர்ப் பதக்கத்தின் ஒரு பக்கம் ராசா தலை, மறுபக்கம் சிங்கம். ஓரத்தில் பெயர் இல்லை. போலியா?

பதில்: போலி என்று அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம் தம்பி. சிங்கத்தின் காலடியில் இரண்டு தலை டிராகன் கிடந்தால் அது 1939–1945 போர்ப் பதக்கம். 28 நாள் முழுநேரச் சேவை செய்த படையினருக்குக் கொடுத்தது. பிரித்தானியா அதைப் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. அதனால் தாத்தாவின் பெயர், படை, சேவை இலக்கம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். பிராஸோ போட்டு மினுக்க வேண்டாம்.