கறிவேப்பிலைக்கு மாதாமாதம் உரம் போட்டும் இலை ஏன் மஞ்சளாகிறது?

மாடித் தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக்கு மாதாமாதம் உரம், தினமும் போர் தண்ணீர். ஆனாலும் இலை வெளுக்கிறது, செடி வைத்த மாதிரியே நிற்கிறது. மண்ணில் சத்து இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சத்து மண்ணிலேயே இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் இருக்கலாம். இன்னொரு கைப்பிடி உரம் போடும் முன் இலையைப் பாருங்கள்.

செடியைக் காயவைத்து எடை போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன்தான். காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலின் சக்தியில் இலையே சமைத்துக்கொண்டது அது. மண்சத்து அந்தச் சமையலில் உப்பு மாதிரி: கொஞ்சம்தான், ஆனால் இல்லாமல் முடியாது. 17-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு ஐந்து ஆண்டுகள் வளர்த்தார். மரம் 160 பவுண்டுக்கு மேல் கூடியது, மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ் போல. எல்லாம் தண்ணீர் தந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் பங்கு அன்றைக்குத் தெரியாது.

அதனால் முதல் கேள்வி, தொட்டிக்கு நேர் வெயில் ஐந்தாறு மணி நேரமாவது விழுகிறதா? நிழலில் இருக்கும் செடிக்கு எந்த உரமும் ஈடு கிடையாது.

அடுத்தது தண்ணீர். வேர் உறிஞ்சுவதில் பெரும்பகுதி இலைத்துளை வழியே ஆவியாகிவிடும். அந்த இழுப்பில்தான் கரைந்த சத்தும் மேலே ஏறுகிறது. ஆனால் சத்தை உள்ளே எடுக்க வேர் பாடுபட வேண்டும், அதற்குக் காற்று வேண்டும். எந்நேரமும் மண் சொதசொதவென்று இருந்தால் வேர் திணறும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள்.

சரி, இப்போது இலை. அடியில் இருக்கும் முற்றிய இலை முழுதாக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது செடி. கொழுந்தே வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வலைப்பின்னல் நன்றாகத் தெரியும். இரும்பு ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து எளிதில் நகராது, அதனால்தான் புது இலை பட்டினி கிடக்கிறது. சுண்ணாம்பும் காரமும் மிகுந்த போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி மண் காரமாகிவிட்டால், இருக்கும் இரும்பும் கரையாமல் போய்விடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்.

அன்னபேதி உப்பு (இரும்புச்சத்து தரும் ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். மண்ணுக்கு மக்கிய தொழுவுரம், முடிந்தபோது மழைத்தண்ணீர். பலன் தெரிகிறதா என்று இனி வரும் கொழுந்தில் பாருங்கள். முற்றி வெளுத்த இலை திரும்பவில்லையே என்று உரத்தைக் கூட்டிவிடாதீர்கள். மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, இலை நுனி கருகத் தொடங்கிவிடும்.