அமெரிக்க பலூன் லைசென்ஸ் மண்டபம் ஊரில் செல்லுமா?

கேள்வி: எனக்கு ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம். நியூ மெக்சிகோவில் வேலை பார்த்தபோது வெப்பக்காற்று பலூன் ஓட்டப் பழகி, பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினேன். இப்போது கிரீன் கார்டை ஒப்படைத்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். அங்கே என் பெயரில் பதிவான பலூன் கப்பலில் வருகிறது. மண்டபத்தில் ரிசார்ட் நடத்தும் மச்சான், "கயிறு கட்டி நூறடி ஏத்தி இறக்குவோம், ஆளுக்கு 1,500 ரூபாய். கட்டின பலூனுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்கிறார். முன்பணமும் வாங்கத் தொடங்கிவிட்டார். கட்டணம் வேண்டாம், கேஸ் (எரிவாயு) செலவை மட்டும் பங்கு போட்டால் தப்பிக்கலாமா?

பதில்: முதல் வேலையாக மச்சானை முன்பணம் வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கயிறு விஷயம் எளிது. நம் விமானச் சட்டத்தில் 'விமானம்' என்ற சொல்லுக்குள் பலூனும் அடக்கம். அது கட்டியதானாலும் சரி, அவிழ்த்து விட்டதானாலும் சரி. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் பட்டம்கூட உண்டு! அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதினியம் 2024 நடப்பில் இருக்கிறது. ஆகவே கயிறு உங்களைக் காப்பாற்றாது.

உங்கள் உண்மையான சிக்கலை நீங்களே கேட்கவில்லை. இந்த பலூன் இப்போது எந்த நாட்டுடையது? அமெரிக்காவில் தனிநபர் ஒருவர் தன் பெயரில் விமானம் பதிவு செய்ய, அவர் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவராகவோ இருக்க வேண்டும். நீங்கள் கிரீன் கார்டைக் கொடுத்ததும் அந்தப் பதிவும் போச்சு. பலூன் துணியில் ஆங்கில 'N' எழுத்தில் தொடங்கும் அமெரிக்கப் பதிவு எண் இன்னும் பளிச்சென்று இருக்கலாம். சட்டப்படி அதற்கு உயிரில்லை. ஒரே விமானத்தை இரண்டு நாடுகளில் பதிய முடியாது என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவு. எனவே அங்கே முறைப்படி பதிவை நீக்கிச் சான்று வாங்கினால்தான் இங்கே 'VT' என்று தொடங்கும் இந்தியப் பதிவு எண்ணுக்கு மனுப் போட முடியும். பழைய பலூன் என்பதால் பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறதா என்பதையும் தனியாகக் காட்ட வேண்டியிருக்கும்.

பலூன் இந்தியப் பதிவுக்கு வந்த நொடியில் உங்கள் அமெரிக்க லைசென்ஸ் மட்டும் போதாது. எந்த நாட்டில் பதிவோ அந்த நாடு தந்த, அல்லது அது ஏற்றுக்கொண்ட லைசென்ஸ்தான் செல்லும். விமான விதிகள் 1937-இன் 45-ஆவது விதி வெளிநாட்டு லைசென்ஸை ஏற்க வழி வைத்திருக்கிறது. டெல்லியில் டிஜிசிஏவுக்கு (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) எழுதுங்கள். உங்கள் லாக்புக்கை (பறந்த நேரக் குறிப்பேடு) நானே ஒரு தடவை பார்க்க விரும்புகிறேன். அமெரிக்காவில் 10 மணி நேரப் பயிற்சியிலேயே பிரைவேட் லைசென்ஸ் கிடைத்துவிடும். சர்வதேச அளவுகோல் 16 மணி நேரம். அதற்குள் குறைந்தது 8 ஏற்றம், அதில் ஒன்று தனியாக. அமெரிக்காவில் பிரைவேட் பலூன் ஓட்டிக்கு மருத்துவச் சான்று தேவையில்லை. சர்வதேச விதிப்படி இரண்டாம் வகுப்புச் சான்று வேண்டும். அதற்கும் தயாராக இருங்கள்.

கேஸ் பங்கு போடும் யோசனை அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். அங்கேயே அது கூட வரும் நண்பர்களோடு செலவைப் பகிர்வதற்குத்தான்; விளம்பரம் போட்டு ஆள் சேர்ப்பதற்கு அல்ல. முன்பின் தெரியாத சுற்றுலாப் பயணியிடம் வாங்கும் பணத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் அது கூலிதான். பிரைவேட் லைசென்ஸில் கூலி வாங்கக் கூடாது. பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்ல சர்வதேச விதி 35 மணி நேர அனுபவம் கேட்கிறது. அதற்கு மேல் ரிசார்ட்டுக்கு ஆபரேட்டர் பெர்மிட் தனி. "பொள்ளாச்சி பலூன் திருவிழாவில் வெள்ளைக்காரர்கள் வருஷா வருஷம் பறக்கவில்லையா?" என்று மச்சான் கேட்பார். அந்தத் திருவிழா மச்சானின் ரிசார்ட்டுக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

சரி, எல்லாக் காகிதமும் வந்துவிட்டது என்றே வையுங்கள். உங்கள் ஊரில்தான் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம். மண்டபத்தில் கடலோரக் காவல்படை. தெற்கே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இறங்கினால் இன்னொரு வழக்கு. பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாளில் தனுஷ்கோடிப் பக்கம் கயிறு அறுந்தால் எதிரே தலைமன்னார்தான், சுமார் 30 கிலோமீட்டர். படகில் எல்லை தாண்டியவர்கள் படும் பாட்டை உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆபத்தான முறையில் விமானம் ஓட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அஜாக்கிரதையால் உயிர் போனால் பாரதீய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை. லைசென்ஸ் செல்லாத நேரத்தில் நடந்த விபத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும். நஷ்டஈடு நீங்களும் மச்சானும் சொந்தக் கையிலிருந்துதான் தர வேண்டும்.

ஆசை இருந்தால் கடற்கரையை விட்டு உள்ளே வந்து, கடற்படைத் தளத்தின் எழுத்துமூல அனுமதியோடு தனியாளாகத் தொடங்குங்கள். வியாபாரம் பிறகு. மச்சான் வாங்கிய முன்பணத்தை இந்த வாரமே வங்கி வழியாகத் திருப்பி, ரசீதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் அந்த ரசீது வேண்டும். பலூன் துறைமுகத்துக்கு வருமுன் சுங்க ஏஜென்டைப் பாருங்கள். சுங்கக் கணக்கில் பலூனை வீட்டுச் சாமானோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள்.