கடிதம்: சிரிப்பு முகமும் சேரின் கோபமும்

அன்புள்ள அக்கா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் ஆசிரியர்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குரூப் இருக்கிறது. போன மாதம் உப அதிபர் அதில், புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு இந்தக் கிழமை மாலை வகுப்பை யார் எடுப்பது என்று கேட்டிருந்தார். ஒருவரும் பதில் போடவில்லை. நான் "எடுக்கிறேன் சேர், வழக்கம்போல" என்று எழுதி, பல்லைக் காட்டிச் சிரிக்கும் இமோஜி ஒன்றையும் சேர்த்துப் போட்டேன். உடனே மற்ற டீச்சர்மார் எல்லோரும் பெருவிரலைக் காட்டினார்கள். அடுத்த நாள் ஸ்டாப் ரூமில் எல்லோருக்கும் முன்னால் சேர், "என்ன டீச்சர், குரூப்பில நக்கலடிக்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டார். நான் தன்மையாகக் காட்டத்தான் அந்த முகத்தைப் போட்டேன். அதைப் போடாமல் விட்டிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது என்கிறாள் ஒரு தோழி. போடாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்கிறாள் இன்னொருத்தி. இனி எங்கேயும் இமோஜி போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். சரிதானா?

இன்னொன்று. அம்மாவுக்கு டைப் பண்ண வராது. விடிந்ததும் ரோஜாப்பூவும் கும்பிடும் கையும் வரிசையாக அனுப்புவார். அம்மாவுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுக்கலாமா?

(பெயர் வேண்டாம், அக்கா)

---

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் வசனத்தைச் சிரிப்பு முகம் இல்லாமல் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். "எடுக்கிறேன் சேர், வழக்கம்போல." எனக்கு இது இன்னும் கடுப்பாகத்தான் கேட்கிறது. இப்போது முகத்தை வைத்துக்கொண்டு "வழக்கம்போல"வைத் தூக்கிவிடுங்கள். "எடுக்கிறேன் சேர்", பக்கத்தில் ஒரு சிரிப்பு. எந்தச் சேருக்கும் கோபம் வராது. உங்கள் இரண்டாவது தோழி சொன்னது சரி. குத்தியது சொல். முகம் அதை மூடப் பார்த்து, மூட முடியாமல் காட்டிக்கொடுத்துவிட்டது.

உண்மையைச் சொல்லுங்கள், உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பு இருந்ததுதானே? இருந்தால் தப்பே இல்லை. ஒருவர் "வழக்கம்போல" என்று எழுதுகிறார் என்றால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. பெருவிரல் காட்டிய மற்ற டீச்சர்மாரைத்தான் நான் கவனித்தேன். காலையில் தோட்ட வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு வந்து பேரைப் போட்டுவிட்டு, வேலைக்கு மலை ஏறாமல் வீட்டுக்குத் திரும்பியவர்கள் மாதிரி இருக்கிறது அது.

நேரே சொல்ல முடியாததைச் சிரித்துக்கொண்டே சொல்வது நம் பக்கத்தில் பழைய வித்தை. கங்காணியைக் கேலி செய்து பாட்டுக் கட்டியவர்கள் நம் பாட்டிமார். யாராவது முறைத்தால் "பாட்டுத்தானேய்யா" என்று தப்பித்துக்கொள்ளலாம். சிரிப்பு முகமும் அப்படி ஒரு பின்வாசல்தான். ஆனால் பாட்டில் குரல் இருந்தது, கூடப் பாட ஆட்கள் இருந்தார்கள். குரூப்பில் நீங்கள் தனியாக நின்றீர்கள்.

இந்த முகங்கள் எதற்காக வந்தன என்று பார்த்தால் உங்கள் கதை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினியில் அரட்டையடித்துக்கொண்டிருந்தவர்கள், லிப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று பகிடிக்கு ஒரு எச்சரிக்கை போட்டார்கள். சிலர் அதை நிஜமென்றே நம்பிவிட்டார்கள். அந்தக் குழப்பத்திற்குப் பிறகு, 1982 செப்டம்பர் 19ஆம் தேதி, ஸ்கொட் பால்மன் என்ற விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். பகிடி என்றால் முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி போட்டுச் சிரிக்கும் முகம் மாதிரிக் காட்டுங்கள், பகிடி இல்லையென்றால் அடைப்புக்குறியைத் திருப்பிப் போடுங்கள் என்றார். பகிடியைப் பகிடி என்று சொல்ல மட்டும் வந்த அடையாளம் அது. நீங்கள் பகிடி அல்லாத ஒன்றுக்கு அதை ஒட்டிவிட்டீர்கள்.

எழுதுகிறவருக்குத் தன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாசிப்பவருக்குக் கேட்பதில்லை. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலான ஆய்வாளர்கள் இதை 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சோதித்துப் பார்த்தார்கள். சில வசனங்களை நக்கலாகவும் சிலதை நிஜமாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். புரிந்தது 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்! அதையே குரலில் சொன்னபோது 73 தடவை புரிந்தது.

சரி, படம் போட்டால் அந்தக் குறை தீருமா? மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016இல் ஒரே இமோஜியைப் பலரிடம் காட்டிக் கேட்டார்கள். நூற்றுக்கு 25 தடவை, அது நல்லதைச் சொல்கிறதா கெட்டதைச் சொல்கிறதா என்பதிலேயே ஆட்கள் ஒத்துப்போகவில்லை. நீங்கள் போட்ட பல்லிளிக்கும் முகம் இருக்கிறதே, அப்போது அப்பிள் போனில் அது பல்லை நறநறவென்று கடிப்பதுபோல இருந்ததாம். அன்றைக்குச் சேர் கையில் என்ன போன் இருந்ததோ!

கனடாவில் ஒரு பெருவிரல் நீதிமன்றம் வரை போனது. 2021இல் ஒரு தானியக் கொள்முதல் கம்பெனி, ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து ஒரு விவசாயிக்குப் போனில் அனுப்பி, உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டது. அவர் பெருவிரலைப் போட்டார். சரக்கு வரவில்லை. கிடைத்தது என்பதற்குத்தான் போட்டேன், சம்மதம் என்று அல்ல என்றார் அவர். 2023இல் சஸ்காட்செவன் நீதிமன்றம் அதைக் கையொப்பமாகவே எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 82,000 கனேடிய டொலர் கட்டச் சொன்னது. நீதிபதி பெருவிரலை மட்டும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அந்த விவசாயி "ஓகே", "ஆமா" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டு, சரக்கையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் படத்திற்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

உங்களுக்கும் சேருக்கும் அப்படி ஒரு பழக்கம் உண்டா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை. உங்கள் தோழி அதே முகத்தை அனுப்பினால் அவள் சிரிக்கும் சத்தமே உங்களுக்குக் கேட்கும், ஏனென்றால் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். மேலே இருக்கும் ஒருவருக்கு, அதுவும் முப்பது பேர் பார்க்கும் இடத்தில், வெறும் மஞ்சள் உருண்டைதான் போய்ச் சேரும். மிச்சத்தை அவர் மனநிலை நிரப்பிக்கொள்ளும். அந்த இடங்களில் சொல்லையே நம்புங்கள். "நான் எடுக்கிறேன் சேர்", "நானே எடுக்கிறேன் சேர்", "நான் எடுக்கட்டுமா சேர்" மூன்றும் மூன்று முகத்தோடு வருகின்றன, படம் இல்லாமலே. நடுவில் இருப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எங்கேயும் போடுவதில்லை என்ற சபதம் வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து நீங்கள் குரூப்பில் எழுதும் எல்லாமே சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும்.

அம்மா விஷயத்தில் விதிவிலக்கு என்ற பேச்சே வேண்டாம், அது வேறு சங்கதி. அங்கே தொனி பிரச்சினை இல்லை. "எழும்பிட்டேன், நல்லா இருக்கேன், நீயும் நல்லா இரு" என்பதற்கு ரோஜாப்பூ போதும். அவர் பத்துப் பூ அனுப்புகிற இடத்தில் ஒருநாள் இரண்டு வந்தால், என்ன ஏது என்று உடனே கேட்பீர்களல்லவா? டைப் பண்ணத் தெரியாத அம்மாமார் எத்தனையோ பேர் நம் தோட்டங்களில் இப்படித்தான் கொழும்பிலும் கத்தாரிலும் இருக்கும் பிள்ளைகளோடு பேசுகிறார்கள். பூவுக்குப் பூ அனுப்புங்கள், முடிந்தால் ஒரு வொய்ஸும் சேர்த்து. வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு நீளமாக எழுதி அனுப்பாதீர்கள், அது படிப்பைக் காட்டுவது மாதிரி ஆகிவிடும்.

சேருக்கு விளக்கம் சொல்லிக் குரூப்பில் இன்னொரு மெசேஜ் போட்டுவிடாதீர்கள். அவர் தனியாக இருக்கும்போது போய், நக்கலடிக்கும் எண்ணம் இல்லை, ஆனால் ஒவ்வொரு கிழமையும் நானே எடுப்பது கஷ்டமாக இருக்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். இரண்டாவதை விழுங்கிவிட்டு முதலாவதை மட்டும் சொன்னால் அடுத்த கிழமையும் வகுப்பு உங்கள் தலையில்தான். அப்புறம் குரூப்பில் இப்படிப் போடுங்கள்: "சேர், அடுத்த தவணையிலிருந்து மாலை வகுப்பை நாங்கள் நாலு பேர் மாறி மாறி எடுக்கலாமா? நான் பட்டியல் போட்டுத் தருகிறேன்."

இதற்குப் பக்கத்தில் எந்த முகத்தைப் போடலாம் என்று நானும் போனைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.